சந்திரசேகரன் சாருக்கு ஒரு முதுகுப் பை

சொர்ணம்: இது நல்லா இருக்குங்க. கைப்பிடி மெத்துன்னு இருக்கு. தோள்ல மாட்டிக்க பட்டையும் இருக்கு. இதையே எடுத்துடலாம்.

சந்திரசேகரன்: யாரு தோள்ல?

சொர்ணம்: என் தோள்லதான். பின்ன யாரு தோள்ல?

சந்திரசேகரன்: லேப்டாப் யாரோடது?

சொர்ணம்: உங்களோடது. ஸ்கூல் வரைக்கும் தூக்கறது நானு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க டிபன் பாக்ஸு, பரிட்சை பேப்பரு, அந்த மர காம்பஸு... எல்லாம் யாரு தோள்ல வந்துச்சாம்?

கோவிந்தப்பா: மேடம் சொல்றது கரெக்ட் மேஷ்ட்ரே. இது ஆபீஸ் மாடல். இப்போ ஐ.டி. கம்பெனிக்காரங்க எல்லாம் இதான் கேக்கறாங்க. உங்கள மாதிரி வாத்தியாருக்கு ஜம்முனு இருக்கும்.

சந்திரசேகரன்: கோவிந்தப்பா, கடைக்காரர் கஸ்டமர் பக்கம் பேசணும்.

கோவிந்தப்பா: கஸ்டமர் பக்கம்தான் பேசறேன். இந்த பெங்களூரு லிங்கராஜபுரத்துல இருபது வருஷமா பை விக்கறேன். எந்த வீட்ல யாரு கஸ்டமர்னு எனக்குத் தெரியாதா?

சொர்ணம்: நல்லா கேளுங்க.

சந்திரசேகரன்: சரி சரி. முதுகுல மாட்டறது இருக்குமே, ரெண்டு பட்டை வெச்சது... அதைக் காட்டுங்க.

சொர்ணம்: எதுக்கு?

சந்திரசேகரன்: பாக்கத்தான்.

சொர்ணம்: நாப்பத்தாறு வயசுல, காலேஜ் பையனாட்டம் முதுகுல மாட்டிக்கிட்டு... பசங்க சிரிக்கப் போறாங்க.

சந்திரசேகரன்: அல்ஜீப்ரா நடத்தறப்ப தூங்கறாங்க. சிரிச்சாலாவது முழிச்சிட்டு இருப்பாங்க.

கோவிந்தப்பா: ஒரு நிமிஷம்... மேஷ்ட்ரே, அந்த அக்குள் கட்டைங்களை ஷோகேஸ் மேல சாய்க்காதீங்க. கண்ணாடி கொஞ்சம் வீக்கு. இங்க குடுங்க, ரெண்டையும் கல்லா பக்கத்துல வெக்கறேன். நீங்க ஸ்டூல்ல உக்காருங்க.

சந்திரசேகரன்: ஒண்ணை வெச்சிக்கங்க. ஒண்ணு என்கிட்டயே இருக்கட்டும். ரெண்டும் கைய விட்டுப் போச்சுன்னா எனக்குப் பேச்சு வராது.

சொர்ணம்: அப்படி வராம இருந்தாத்தான் தேவலையே.

கோவிந்தப்பா: லேப்டாப் என்ன சைஸுன்னு தெரிஞ்சா...

சொர்ணம்: சைஸ் என்னத்துக்கு? கையோட கொண்டாந்திருக்கோம். இந்தாங்க... மெதுவா. மெதுவா புடிங்க.

கோவிந்தப்பா: அய்யய்யோ மேடம்! காய்கறிக் கூடையிலயா?

சொர்ணம்: அடியில துண்டு மடிச்சுப் போட்டிருக்கேன். மேல பொண்ணு சௌம்யாவோட பழைய ஸ்வெட்டர். முட்டை கொண்டார மாதிரி கொண்டாந்தேன்.

சந்திரசேகரன்: வழியில ரெண்டு பேரு, கூடையில என்னக்கா, மீனான்னு கேட்டாங்க.

சொர்ணம்: ஆமான்னுட்டேன். லேப்டாப்னு சொன்னா கண்ணு பட்டுடும்.

கோவிந்தப்பா: பதினஞ்சு இன்ச்சு இருக்கும். நல்ல வெயிட்டு. ஸ்கூல்ல குடுத்ததா மேஷ்ட்ரே?

சந்திரசேகரன்: எங்க ஸ்கூல்ல சாக்பீஸே எண்ணித்தான் குடுப்பாங்க. இது என் பழைய பசங்க குடுத்தது. அஷ்வின்னு ஒரு பையன், தாரணின்னு ஒரு பொண்ணு. தொண்ணூத்தாறுல பத்தாவது முடிச்சதுங்க. இப்போ ரெண்டும் சாப்ட்வேர்ல இருக்குங்க.

சொர்ணம்: போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்துடுச்சுங்க. கம்பெனியில பழைய மெஷினு வித்தாங்களாம். ரெண்டும் சேர்ந்து வாங்கி, துடைச்சு, உள்ள கணக்குப் படம் எல்லாம் போட்டு... எனக்குக் காபி கலக்கவே ஓடல.

சந்திரசேகரன்: சர்க்கரை போடாமயே குடுத்தா. அதுங்களும் நல்லா இருக்குன்னு குடிச்சதுங்க.

கோவிந்தப்பா: கணக்குப் படமா?

சந்திரசேகரன்: வட்டம், முக்கோணம், கோபுரம், கூம்பு... எல்லாம் அதுவே போடும். ஸ்கூல் டிவியில ஒயரை மாட்டிட்டா பெருசா தெரியும். நான் உக்காந்த இடத்துல இருந்தே நடத்தலாம். இத்தன வருஷம் போர்டுல வட்டம் போடணும்னா என்ன பண்ணுவேன் தெரியுமா? ஒரு கட்டையை முதல் பெஞ்சுல குடுத்துட்டு, இன்னொண்ணுல சாஞ்சுக்கிட்டு, ஒத்தக் கையால காம்பஸைச் சுத்தணும். பாதி நாள் வட்டம் கோழி முட்டையா வந்துடும்.

சொர்ணம்: அந்தக் கட்டையைப் புடிச்சிட்டு நின்னதுதான் இந்தத் தாரணி. மூணு வருஷம். அன்னிக்கி சொல்லுது, இனிமே யாரும் புடிக்க வேணாம் சார்னு. சொல்லிட்டு அதுவே அழுதுடுச்சு.

சந்திரசேகரன்: நீயும்தான்.

சொர்ணம்: எனக்கு வெங்காயம் அரிஞ்ச கை.

சந்திரசேகரன்: காபிக்கு வெங்காயம் அரிஞ்சா கோவிந்தப்பா. கேட்டுக்கங்க.

கோவிந்தப்பா: நல்ல பசங்க மேஷ்ட்ரே. என் கடையில வேலை கத்துக்கிட்டவன் எதிர்லயே கடை போட்டான், தெரியுமா? உங்களுது எவ்வளவோ பரவால்ல... இந்தாங்க, இது ரெண்டு பட்டை மாடல். உள்ள லேப்டாப்புக்குத் தனி அறை.

சொர்ணம்: ஏங்க, லேப்டாப்பை ஸ்கூல்லயே வெச்சிட்டு வந்தா என்ன?

சந்திரசேகரன்: ராத்திரி பாடம் எங்க தயார் பண்றது? உன் அம்மிக்கல் மேலயா?

சொர்ணம்: அப்போ கையில தூக்கற பையே போதும். நான்தான் கூட வர்றேனே. காலையில கொண்டுவந்து விட்டு, நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். என்னிக்காவது லேட்டா வந்திருக்கேனா?

சந்திரசேகரன்: ஒரு நாளும் இல்ல.

சொர்ணம்: அப்புறம்?

சந்திரசேகரன்: ஒரு தடவை மாட்டித்தான் பாக்கறேனே... சொர்ணம், இந்தக் கையை உள்ள விடு. ம்... இப்போ அந்தப் பக்கம்.

கோவிந்தப்பா: லேப்டாப் உள்ள இருக்கு. பாத்து எழுந்திருங்க.

சந்திரசேகரன்: அந்தக் கட்டையைக் குடுங்க... இதோ. ஒண்ணு... ரெண்டு...

சொர்ணம்: என்னங்க! புடிங்க... கோவிந்தப்பா, அந்தப் பக்கம் புடிங்க!

கோவிந்தப்பா: புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன். உக்காருங்க மேஷ்ட்ரே. ஒண்ணும் ஆகல.

சொர்ணம்: நான் சொன்னேன்ல! பை அப்படியே ஒரு பக்கம் இழுக்குது. கட்டையைத் தட்டி விட்டுடுச்சு. இதுவே ரோடா இருந்தா? பின்னாடி பஸ் வந்தா? வேணாம். எனக்கு இந்த ஆபீஸ் மாடலையே கட்டிக் குடுங்க.

சந்திரசேகரன்: முழங்காலு லேசா இடிச்சிது. அவ்வளவுதான்.

சொர்ணம்: காட்டுங்க.

சந்திரசேகரன்: கடையிலயா வேட்டிய தூக்கிக் காட்டறது? விடு.

சொர்ணம்: இந்தாங்க, முதல்ல தண்ணி குடிங்க.

சந்திரசேகரன்: முதல்ல நீ குடி... கோவிந்தப்பா, மணி என்ன?

கோவிந்தப்பா: நாலு அடிச்சு அஞ்சு நிமிஷம். ஏன் மேஷ்ட்ரே, அவசரமா?

சந்திரசேகரன்: இல்ல... ஒண்ணும் இல்ல. இந்தப் பை ஏன் இழுக்குது, சொல்லுங்க.

கோவிந்தப்பா: பை மேல தப்பில்ல. கட்டை அக்குள்ல வருது. பட்டையும் அங்கயேதான் வருது. நீங்க கட்டையை முன்னாடி வெக்கறப்ப பட்டை வழுக்குது, வெயிட்டு சரியுது. ம்... இருங்க. யோசிக்க விடுங்க.

சொர்ணம்: யோசிக்காதீங்க. பில்லைப் போடுங்க.

கோவிந்தப்பா: மேடம், ரெண்டு நிமிஷம். என்கிட்ட ஒண்ணு இருக்கு. மலை ஏறப் போற பசங்க வாங்கறது. நெஞ்சுக்கு குறுக்க ஒரு கொக்கி, இடுப்புக்கு ஒரு பெல்ட்டு. மேல பரண்ல இருக்கு... ஸ்டூலைக் கொஞ்சம் புடிச்சிக்கறீங்களா?

சொர்ணம்: மலை ஏறறதா? இவரு நம்ம மாடிப்படி ஏறினாலே நான் பின்னாடி நிக்கணும்.

சந்திரசேகரன்: அது உனக்காக. நீ விழாம இருக்கியான்னு நான் முன்னாடி போறேன்.

சொர்ணம்: பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

கோவிந்தப்பா: இந்தாங்க. தூசி இருக்கும், தட்டறேன். பாருங்க, இந்தக் கொக்கி ரெண்டு பட்டையையும் நடுவுல இழுத்துப் புடிச்சிக்கும். அக்குள் பக்கம் வராது. இடுப்பு பெல்ட்டு மாட்டினா பை ஆடவே ஆடாது. வெயிட்டு முதுகோட ஒட்டிக்கும்.

சந்திரசேகரன்: லேப்டாப்புக்கு அறை?

கோவிந்தப்பா: இல்ல. அதுக்கு இந்த பஞ்சு வெச்ச உறை தனியா தர்றேன். அதுக்குள்ள போட்டு, முதுகு பக்கமா நேரா நிக்க வெச்சிடணும். இதோ, உங்க லேப்டாப்பை மாத்தி வெச்சிட்டேன். டிபன் பாக்ஸை அடியில வெச்சிடாதீங்க மேடம். குழம்பு கொட்டிச்சுன்னா வட்டம் எல்லாம் சாம்பார்ல மிதக்கும்.

சந்திரசேகரன்: மாட்டுங்க... சொர்ணம், நீ மாட்டு. உன் கையாலயே மாட்டு.

சொர்ணம்: கையைத் தூக்குங்க... இந்தப் பக்கம் முறுக்கிக்கிச்சு, இருங்க. இந்தக் கொக்கி எப்படி?

கோவிந்தப்பா: உள்ள தள்ளுங்க. டக்குனு சத்தம் வரணும். அவ்வளவுதான். கொஞ்சம் மேல ஏத்திக் கட்டறேன்... இன்னும் மேல. ஆயித்து. எழுந்திருங்க மேஷ்ட்ரே. நான் இந்தப் பக்கம், மேடம் அந்தப் பக்கம்.

சந்திரசேகரன்: யாரும் புடிக்க வேணாம். பக்கத்துல நில்லுங்க, போதும்... ஒண்ணு... ரெண்டு... மூணு...

கோவிந்தப்பா: ஆடுதா?

சந்திரசேகரன்: ஆடல.

சொர்ணம்: திரும்பிப் பாருங்க... அந்தப் பக்கம் திரும்புங்க. தோளு வலிக்குதா?

சந்திரசேகரன்: இல்ல. முதுகுல யாரோ கை வெச்ச மாதிரி இருக்கு... கோவிந்தப்பா, வெளிய போய்ப் பாக்கட்டுமா? அந்த மூலை பேக்கரி வரைக்கும்.

சொர்ணம்: நானும் வர்றேன்.

சந்திரசேகரன்: நீ இங்கயே இரு.

சொர்ணம்: ஏன்?

சந்திரசேகரன்: நீ வந்தா பையைப் பாக்க மாட்டேன். உன்னத்தான் பாப்பேன்.

சொர்ணம்: ஐயோ, கடையில வெச்சு...

கோவிந்தப்பா: நான் ஒண்ணும் கேக்கல மேடம்.

சந்திரசேகரன்: போயிட்டு வந்துடறேன். ரோட்ல கூட்டமே இல்ல.

சொர்ணம்: டெலிபோன்காரன் தோண்டி வெச்சிருக்கான் பாருங்க, அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமா போங்க... இந்தப் பக்கம்னா கடைங்க பக்கம்... கேட்டுச்சா? கோவிந்தப்பா, அவரு திரும்பிக்கூட பாக்கலயே.

கோவிந்தப்பா: திரும்பினா விழுந்துடுவாரு மேடம். நேரா போகட்டும். நீங்க உக்காருங்க.

சொர்ணம்: உக்கார முடியலங்க... பள்ளத்தைத் தாண்டிட்டாரு. ஒரு ஸ்கூட்டர்காரன் வர்றான். ஒதுங்கிட்டாரு. ம்... நல்லாத்தான் போறாரு.

கோவிந்தப்பா: கல்யாணத்துக்கு முன்னாடி தனியாத்தான போயிட்டிருந்தாரு?

சொர்ணம்: தனியாத்தான். ஒரு துணிப்பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு போவாரு. எனக்குக் கல்யாணம் ஆகி ஆறாவது நாளு. சாயந்தரம் மோவாய்க்கட்டை எல்லாம் ரத்தமா வந்து நிக்கறாரு. மழையில பை ஆடி, கட்டை வழுக்கிடுச்சு. பசங்களோட பரிட்சை பேப்பரு பூரா சேறு. எனக்கு ஒண்ணும் ஆகல, பேப்பரைக் காய வைன்னாரு. கொடியில துணியை எடுத்துட்டு முப்பத்தெட்டு பேப்பரைக் காயப் போட்டோம்.

கோவிந்தப்பா: அப்புறம்?

சொர்ணம்: அப்புறம் என்ன? மறுநாள் நான் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். எங்க போறேன்னு அவரும் கேக்கல. நானும் சொல்லல. பையை எடுத்துக்கிட்டேன், நடந்தோம். அவ்வளவுதான்.

கோவிந்தப்பா: பத்தொன்பது வருஷம்.

சொர்ணம்: நீங்க வேற கணக்குப் போடாதீங்க... வீட்ல ஒருத்தர் போட்டா போதும். பேக்கரிகிட்ட போயிட்டாரு. திரும்பணுமே இப்போ. ஏன் திரும்பல?

கோவிந்தப்பா: மூச்சு வாங்கிட்டு திரும்புவாரு.

சொர்ணம்: பஸ் வந்து மறைச்சிடுச்சு... நகருதா? நகர மாட்டேங்குதே.

கோவிந்தப்பா: ஆள் ஏறுதுங்க. போயிடும்.

சொர்ணம்: பை நல்ல பைதான் கோவிந்தப்பா.

கோவிந்தப்பா: அதைச் சந்தோஷமா சொன்னா என்ன மேடம்? முகம் அப்படி வாடியிருக்கு.

சொர்ணம்: நல்லா இருக்குன்னுதான் என்னமோ மாதிரி இருக்கு. சௌம்யா ஜூன் மாசம் வேலூருக்கு நர்சிங் படிக்கப் போயிட்டா. இப்போ இவரும் பையை மாட்டிக்கிட்டு தனியா கெளம்பிட்டாருன்னா... நான் காலையில எழுந்து யாருக்குச் செருப்பு மாட்டறது?

கோவிந்தப்பா: உங்களுக்கு மாட்டுங்க. உங்களுக்குப் போறதுக்கு இடமா இல்ல?

சொர்ணம்: ...இருந்துச்சு.

கோவிந்தப்பா: இருந்துச்சுன்னா?

சொர்ணம்: அவருகிட்ட சொல்லிடாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நர்சிங் ஹோம்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தேன். நோயாளிங்களோட கேஸ் பேப்பரை எல்லாம் நம்பர் போட்டு அடுக்கணும், கேட்டா எடுத்துக் குடுக்கணும். எனக்கு அது ரொம்பப் புடிக்கும். டாக்டரு பேரு சொல்றதுக்குள்ள எடுத்து நீட்டுவேன். இப்போ இங்க ஒரு ஆஸ்பத்திரியில ரெக்கார்ட் ரூமுக்கு ஆள் வேணும்னு போர்டு போட்டிருந்தாங்க. சும்மா எழுதிப் போட்டேன். கூப்பிட்டாங்க. கேள்வி கேட்டாங்க. வேலைன்னுட்டாங்க.

கோவிந்தப்பா: அட! நல்ல விஷயம்தானே?

சொர்ணம்: காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும். அவரு ஸ்கூலுக்குக் கெளம்பறது ஒன்பதுக்கு. சாயந்தரம் எனக்கு அஞ்சு மணி, அவருக்கு நாலு. எப்படி ஒத்து வரும்? வியாழக்கிழமை போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவருகிட்ட ஸ்ரீராம்புரத்துல அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்.

கோவிந்தப்பா: மேஷ்ட்ரைக் கேட்டிருக்கலாம்ல?

சொர்ணம்: கேட்டா போன்னுதான் சொல்லுவாரு. சொல்லிட்டு கழுத்துல பையை மாட்டிக்கிட்டு மறுபடி கெளம்பிடுவாரு. அதான் கேக்கல... பஸ் போயிடுச்சு. கோவிந்தப்பா! அவரைக் காணோம்.

கோவிந்தப்பா: எங்க... பேக்கரிக்குள்ள போயிருப்பாரு.

சொர்ணம்: பேக்கரியில ரெண்டு பசங்கதான் நிக்குதுங்க. நான் போறேன்.

கோவிந்தப்பா: மேடம், இருங்க. விழுந்திருந்தா கூட்டம் கூடியிருக்கும். ரோடு அமைதியா இருக்கு பாருங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க அவருக்கு.

சொர்ணம்: ரெண்டு நிமிஷம்னா எவ்வளவு?

கோவிந்தப்பா: என் வாச்சைப் பாருங்க... இதோ இந்த முள்ளு.

சொர்ணம்: உங்க வாச்சு ஓடலங்க.

கோவிந்தப்பா: ஓடுது மேடம். மெதுவாத்தான் ஓடும்.

சொர்ணம்: போதும். நான் போறேன்... அதோ! அதோ வர்றாரு. பேக்கரிக்குப் பின்னாடி சந்துல இருந்து வர்றாரு. அங்க எதுக்குப் போனாரு? சிரிச்சிக்கிட்டே வேற வர்றாரு பாருங்க... பள்ளம், பள்ளம்... தாண்டிட்டாரு.

கோவிந்தப்பா: பை ஆடவே இல்ல மேடம். பாத்தீங்களா?

சொர்ணம்: பாத்தேன்.

சந்திரசேகரன்: அப்பாடி... ஸ்டூலைப் போடுங்க கோவிந்தப்பா. மூச்சு வாங்குது. ஆனா ஒரு இடத்துலகூட தடுமாறல.

சொர்ணம்: எங்க போனீங்க?

சந்திரசேகரன்: தண்ணி இருக்கா?

சொர்ணம்: இந்தாங்க. எங்க போனீங்கன்னு கேட்டேன். பேக்கரின்னு சொல்லிட்டு ஆளையே காணோம். எனக்கு உயிரே இல்ல இங்க.

சந்திரசேகரன்: கோவிந்தப்பா, இந்தப் பைதான். இதையே குடுங்க. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பரண் மேல ஏறி எடுத்துக் குடுத்தீங்க பாருங்க...

கோவிந்தப்பா: அய்யோ, என்ன மேஷ்ட்ரே. என் யாவாரம் அது.

சந்திரசேகரன்: யாவாரம்னா அந்த ஆபீஸ் மாடலைக் கட்டிக் குடுத்து அனுப்பிச்சிருப்பீங்க. அதான் விலையும் ஜாஸ்தி. நான் பாத்துட்டேன்.

சொர்ணம்: பேச்சை மாத்தாதீங்க. அந்தச் சந்துல என்ன இருக்கு?

சந்திரசேகரன்: எஸ்.டி.டி. பூத் இருக்கு.

சொர்ணம்: அதுக்கு மூணு படி ஏறணுமே!

சந்திரசேகரன்: ஏறினேன். இறங்கவும் இறங்கினேன். கையில ஒண்ணும் இல்லாம, ரெண்டு கட்டை மட்டும். பை பாட்டுக்கு முதுகுல இருந்துச்சு.

சொர்ணம்: யாருக்குப் போன்? சௌம்யாவுக்கா? ஹாஸ்டல்ல இந்த நேரம் எடுக்க மாட்டாங்களே.

சந்திரசேகரன்: சௌம்யாவுக்கு இல்ல... வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனியே. அக்கா எப்படி இருக்காங்க?

சொர்ணம்: நல்லா இருக்காங்க.

சந்திரசேகரன்: மாமா?

சொர்ணம்: அவரும் நல்லா இருக்காரு.

சந்திரசேகரன்: ரெக்கார்ட் ரூம் எப்படி இருக்கு? காத்தோட்டமா இருக்கா? ஜன்னல் இருக்கா?

சொர்ணம்: கோவிந்தப்பா...

கோவிந்தப்பா: மேடம், சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லல. அவரு இப்பத்தான் உள்ள வந்தாரு.

சந்திரசேகரன்: அவருக்கும் தெரியுமா? நல்லா இருக்கு. பை வாங்க வந்த இடத்துல கடைக்காரருக்குத் தெரியுது, புருஷனுக்குத் தெரியல.

சொர்ணம்: உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

சந்திரசேகரன்: அப்ளிகேஷன்ல போன் நம்பருன்னு போட்ட இடத்துல என்ன எழுதின?

சொர்ணம்: நம்ம வீட்ல போன் இல்லையேன்னு... ஸ்கூல் நம்பரு. அவசரத்துக்குத்தான் எழுதினேன். எல்லாம் தபால்ல வரும்னு நினைச்சேன்.

சந்திரசேகரன்: நேத்து மூணாவது பீரியட்ல ஆபீஸ் ரூம்ல இருந்து கூப்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து சரளா மேடம்னு ஒருத்தங்க லைன்ல. உங்க வீட்டம்மா வந்து வேணாம்னுட்டுப் போயிட்டாங்க சார், காரணம் கேட்டேன், எங்க வீட்டுக்காரரு தனியா ஸ்கூல் போக முடியாதுன்னாங்க... எங்களுக்கு மனசு வரல, சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் வேற யாரையும் கூப்பிட மாட்டோம், நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்கன்னாங்க.

சொர்ணம்: நேத்தே தெரியுமா? நேத்து ராத்திரி பூரா ஒண்ணும் சொல்லாம, எனக்கு அந்த லேப்டாப்ல முக்கோணம் போட்டுக் காட்டிட்டு இருந்தீங்க!

சந்திரசேகரன்: என்ன சொல்லச் சொல்ற? நான் தனியா போயிடுவேன், நீ வேலைக்குப் போன்னா? நீ நம்பியிருப்பியா? எனக்கே நம்பிக்கை இல்ல சொர்ணம். அதான் முதல்ல ஒரு பை பாக்கலாம்னு வந்தேன். அந்த மொதப் பையில விழப் போனேன் பாரு... அப்போ முடிஞ்சுதுன்னே நினைச்சிட்டேன். இன்னிக்கி அஞ்சு மணி வரைக்கும் வாயைத் திறக்காம இருந்துடலாம், நாம பாட்டுக்கு திங்கக்கிழமை எப்பவும் போல ரெண்டு பேரும் நடக்கலாம்னு.

கோவிந்தப்பா: அதுக்குத்தான் மணி கேட்டீங்களா?

சந்திரசேகரன்: அதுக்குத்தான்.

சொர்ணம்: நான் உங்களுக்குச் செஞ்சதைக் கஷ்டம்னு நினைச்சு செய்யலங்க. என்னிக்கும் நினைச்சதில்ல.

சந்திரசேகரன்: தெரியும். அதான் இத்தன வருஷம் உன்கிட்ட ஒரு தேங்க்ஸ்கூட சொல்லாம விட்டுட்டேன். கஷ்டம்னு நீ ஒரு வாட்டி முணுமுணுத்திருந்தா எனக்கு உறைச்சிருக்கும். மழையில நனைஞ்சுக்கிட்டு ஸ்கூல் கேட்ல நிப்ப. ஒரு கையில குடை, எனக்கு. அஷ்வினுக்கும் தாரணிக்கும் நான்தான் கணக்குச் சொல்லிக் குடுத்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு நாள் லீவு போடாம போனதுனாலதான் சொல்லிக் குடுத்தேன். என்னை ஒரு நாள் விடாம கொண்டு போய் விட்டது யாரு? அந்த லேப்டாப்ல பாதி உன்னுது.

சொர்ணம்: கடையில உக்காந்து அழ வெக்காதீங்க. கஸ்டமர் யாராவது வந்துடப் போறாங்க.

கோவிந்தப்பா: வரட்டும் மேடம். ஷட்டரைப் பாதி இறக்கட்டுமா?

சந்திரசேகரன்: வேணாம், வேணாம். அவ அழுது முடிச்சிட்டா.

சொர்ணம்: முடிக்கல... போன்ல என்ன சொன்னீங்க?

சந்திரசேகரன்: எங்க வீட்டம்மா திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுவாங்கன்னு சொன்னேன்.

சொர்ணம்: என்னைக் கேக்காம.

சந்திரசேகரன்: உன்னைக் கேக்காமதான். தப்பு. நீ என்னைக் கேக்காம வேணாம்னு சொன்ன, நான் உன்னைக் கேக்காம சரின்னு சொல்லிட்டேன்.

கோவிந்தப்பா: அந்த மேடம் என்ன சொன்னாங்க மேஷ்ட்ரே?

சந்திரசேகரன்: சந்தோஷம் சார்னாங்க. நீங்க எங்க இருந்து பேசறீங்கன்னு கேட்டாங்க. பூத்ல இருந்துன்னேன். கூட யாரு இருக்காங்கன்னாங்க. யாரும் இல்ல, தனியாத்தான் வந்தேன்னு சொன்னேன்.

சொர்ணம்: மழை வந்தா?

சந்திரசேகரன்: வந்தா ஆட்டோ. மழை நின்னா நடை. நாலு மணிக்கு ஸ்கூல் விட்டதும் நேரா வீட்டுக்கு வந்து, உனக்கு டீ போட்டு வெக்கறேன்.

சொர்ணம்: உங்க டீயா? அந்த மேடம்கிட்ட ஆறு மணி வரைக்கும் வேலை இருக்கான்னு கேக்கறேன்.

சந்திரசேகரன்: இதோ பாரு சொர்ணம், விளையாட்டு இல்ல. உனக்கு உண்மையிலயே இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடு. மணி இன்னும் அஞ்சு ஆகல. மறுபடி அந்தச் சந்துக்குப் போறேன், படி ஏறறேன், வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ சொல்றதுதான்.

சொர்ணம்: நீங்க மறுபடி பூத்துக்குப் போக வேணாம்... வியாழக்கிழமை நான் வேணாம்னு சொன்னதும், அந்த சரளா மேடம் என் சர்ட்டிபிகேட்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டு நீட்டினாங்க. கை நீட்டி வாங்க எனக்கு மனசே வரலங்க. அப்புறம் ஒரு நாள் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லி, அவங்க மேஜை மேலயே வெச்சிட்டு ஓடி வந்துட்டேன்.